கடைசி ஒட்டகம் காலியாகப் போகும்

காது பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். "சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க" என்பேன். இதைவிட எளிதான வேலையை யாருக்கும் கொடுக்க முடியாது. ஆனாலும் பத்துப் பேரில் இரண்டு பேர் நான் சத்தமே கொடுக்காதபோது அமுக்குவார்கள். ஏன் என்று கேட்டால், "கேட்டுச்சே!" என்று என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. எப்போது வரும், எப்போது வரும் என்று காத்துக் கிடக்கும் காது, பொறுக்க முடியாமல் தானே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும்.

நானும் அந்த இரண்டு பேரில் ஒருத்தி என்று நிரூபிப்பதற்காகத்தான், பதினொரு வருடம் கழித்து அந்தக் கடற்கரைக்குப் போனேன்.

வீட்டுக்காரரிடம் லீவுக்குப் போகலாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் அப்படியே நிற்பான். வீட்டில் என்னிடம் ரகசியம் பேசினால் மாடி வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அந்தக் குரலைக் கேட்டு எனக்குத் தலைவலி வரும். இந்த முறை எனக்குத் தேவைப்பட்டதே அந்தக் குரல்தான்.

விடுதி அறையில் முதல் நாள் காலை, அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "சாயங்காலம் ஒட்டகச் சவாரி போறோம். நீங்க கடைசி ஒட்டகத்துல உக்காரணும். நான் உங்களுக்கு முன்னாடி. ஆறு கடல்ல சேர்ற இடம் வந்ததும் நீங்க என்னைக் கூப்பிடணும். பத்துத் தடவ. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நாலு எண்ணணும். எனக்குக் கேட்டா கைய தூக்குவேன். நீங்க பின்னாடியிருந்து பாத்து எண்ணிக்குங்க."

வாய் நிறைய நுரையோடு திரும்பினார். "என்னன்னு கூப்பிடணும்?"

"அக்கான்னு."

"கட்டின பொண்டாட்டிய அக்கான்னா? ஊர்ல தலை காட்ட வேணாமா நான்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என் தங்கை அந்தக் கடற்கரையில்தான் இறந்தாள் என்பது அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

"அன்னிக்கு அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க" என்றேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

அப்போது எனக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்தைந்து. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராக வந்திருந்தோம். அம்மா முட்டி வலி என்று அறையிலேயே இருந்துவிட்டாள். நான் ஒரு செருப்பு வாங்கி, வெளியே போட மனசு வராமல் பெட்டியோடு வைத்திருந்தேன். மஞ்சள் வார் வைத்தது. அதை என்னைக் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு அலையில் போய் நின்றாள் என் தங்கை. எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது, இன்றைக்கும் அப்படித்தான். "இன்னிக்குப் பூரா என்கிட்டப் பேசாத. கூப்பிடவும் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டேன். பேசாமல்தான் இரண்டு பேரும் ஒட்டகத்தில் ஏறினோம். நான் நாலாவது ஒட்டகம். அவள் எனக்குப் பின்னால் ஐந்தாவது, கடைசி.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. அதைக் கணுக்கால் தண்ணீரில் கடக்க வேண்டும். அதைத் தாண்டியபோது பின்னால் ஒரே ஒரு தடவை "அக்கா" என்று கேட்டது. நான் திரும்பவில்லை. 'கிடக்கட்டும், நல்லா கூப்பிடட்டும்' என்று நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளிப் போட்டோ எடுக்க நிறுத்தினார்கள். அப்போதுதான் திரும்பினேன். கடைசி ஒட்டகம் அங்கே இல்லை. தூரத்தில் மணல்திட்டில் கடலைப் பார்த்து மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் சேணத்தில் ஆள் இல்லை. பிடித்துக்கொள்கிற இரும்பு வளையத்தில் ஒற்றைச் செருப்பு தொங்கியது.

மறுநாள் காலை படகுத்துறையில் அவளை எடுத்தார்கள். இன்னொரு செருப்பின் வார் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. ஒட்டகத்திலிருந்து தண்ணீரில் விழுந்த செருப்பை எடுக்க இறங்கியிருக்கிறாள், ஆற்றின் இழுப்பு கடலுக்குள் கொண்டுபோயிருக்கிறது. என் கோபத்துக்குப் பயந்து இறங்கியிருக்கிறாள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரே ஒரு தடவை கேட்டாள். "இறங்கும்போது உன்னைக் கூப்பிடலியாடி அவ?" நான், "இல்லம்மா. ஒரே காத்து. ஒண்ணும் கேக்கல" என்றேன். அம்மா "சரி" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்த ஒரு 'சரி'யோடுதான் பதினொரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

அந்தக் குரலும் என்னை விடவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து "அக்கா". மாலையில் கடைசி ஆள் போன பிறகு, ஹெட்போனைத் துடைத்து வைக்க அந்தச் சத்தம் புகாத அறைக்குள் போவேன். கதவு சாத்திக்கொள்ளும். உலகத்தில் ஒரு ஒலியும் நுழைய வழியில்லாத அந்த இடத்தில் என் இடது காதுக்குப் பின்னால் "அக்கா". திரும்பிப் பார்க்கமாட்டேன். துடைத்த ஹெட்போனையே இன்னொரு தடவை துடைத்துவிட்டு வெளியே வருவேன்.

"இப்ப அங்க போயி என்ன தெரியணும் உனக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அங்கருந்து கூப்பிட்டா கேக்குமா கேக்காதான்னு தெரியணும். அதே மாசம், அதே நாலு மணி, அதே கடல்காத்து. உங்க குரலே கேக்கலன்னா அவ குரல் நிச்சயமா கேட்டிருக்காது. நானா கேட்டதா நெனச்சுக்கிட்டிருக்கேன்னு ஆயிடும். நான் அம்மாகிட்ட சொன்னது பொய்யில்லன்னு ஆயிடும்."

"கேட்டுச்சுன்னா?"

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பத்துத் தடவதானே, கூப்பிடறேன்" என்றார். நல்ல மனுஷன். குரல்தான் கொஞ்சம் பெரிசு.

நாலு மணிக்குச் சவாரி கிளம்பும் இடத்துக்குப் போனோம். ஐந்து ஒட்டகங்கள் வரிசையாக உட்கார்ந்து அசை போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூக்குக் கயிறும் முன்னால் இருப்பதன் சேணத்தில் கட்டியிருந்தது. எங்களோடு வந்தவர்கள் மூன்று பேர். பார்ப்பதையெல்லாம் வீடியோ எடுத்து, அதற்கு விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தொப்பிக்காரர். பிறகு ஒரு புதுமண ஜோடி. ஒட்டகக்காரரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முடி முழுக்க நரைத்துவிட்டது. தோளை ஒரு பக்கம் சாய்த்து நடக்கும் நடை மட்டும் மாறவில்லை. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

தொப்பிக்காரரை முதலாவதிலும், ஜோடியை அடுத்த இரண்டிலும், என்னை நாலாவதிலும் உட்காரச் சொன்னார். வீட்டுக்காரர் ஐந்தாவதை நோக்கிப் போனதும் கையை நீட்டித் தடுத்தார். "அதுல ஆள் ஏத்தறதில்ல சார். நீங்க அடுத்த ரவுண்டு வாங்க."

"ஒட்டகம் காலியா காத்து வாங்கிட்டுப் போகும், நான் இங்க வெயில்ல காயணுமா?"

"கடைசி ஒட்டகம் காலியாத்தான் போகும். பத்து வருஷமா அப்படித்தான்."

"பதினோரு வருஷம் முன்னாடி" என்றேன் நான். "அதுல ஏறினது என் தங்கச்சி."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடைசி ஒட்டகத்தின் பக்கம் நடந்தார், நானும் கூடவே போனேன். அதன் கழுத்தில் ஒரு பித்தளை மணி தொங்கியது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இந்தக் கயிறு இழுத்தா உருவிக்கும்மா. இறுக்கிக் கட்டினா, ஒண்ணு தடுக்கி விழும்போது மூக்கு கிழிஞ்சிடும். அதனால பின்னாடி ஒண்ணு கழண்டு நின்னா முன்னாடி நடக்கறவனுக்குத் தெரியாது. அதுக்குத்தான் கடைசி ஒட்டகத்துக்கு மணி. நான் திரும்பிப் பாக்கறதே இல்ல. மணி கேக்கற வரைக்கும் எல்லாம் வருதுன்னு அர்த்தம்."

"அன்னிக்கு மணி கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றார். "அதாம்மா விஷயம். காலையில இதோட வார் அறுந்துபோச்சு. சாயங்காலம் தைச்சுக்கலாம்னு, மணிய எடுத்து முதல் ஒட்டகத்து கழுத்துல மாட்டிட்டேன். போட்டோவுக்கும் அழகா இருக்கும்னு நெனச்சேன். மாட்டினது மறந்தே போச்சு. என் காதுக்குப் பக்கத்துலயே ஆடிக்கிட்டிருந்துச்சு. நல்லா கேக்குதேன்னு நிம்மதியா நடந்தேன். போலீஸ்ல யாரும் மணியப் பத்திக் கேக்கல. நானும் சொல்லல."

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கென்றே பிறந்தவள் நான். ஆனால் கையை நீட்டி அந்த மணியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்ப ஏன் ஆள் ஏத்தறதில்ல?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அந்த மணல்திட்டு வந்தா இது உக்காந்துடும் சார். யாரும் சொல்ல வேணாம். ஒரு நாள் தவறாம. அடிச்சுப் பாத்தேன், தண்ணி இல்லாத பக்கமாக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அதுவா எந்திரிச்சு வந்து சேந்துக்கும். ஏறினவங்க பயந்துட்டாங்க. அதோட விட்டுட்டேன்."

இன்று ஒரு தடவை ஏற்ற வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் ரொம்ப நேரம் மறுத்தார். கடைசியில், "மணி நின்னா நான் நின்னுடுவேன். அதுக்குள்ள நூறு அடி போயிருக்கும். பரவாயில்லியா?" என்றார். அன்றைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் இருந்திருக்கும். சரி என்றேன்.

வீட்டுக்காரர் இடது பக்கமிருந்து காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்ததும், கடைசி ஒட்டகம் கழுத்தை அந்தப் பக்கம் வளைத்து அவர் முட்டியை ஒரு தடவை மோந்து பார்த்தது. "புது ஆள் ஏறினா அது அப்படித்தான்" என்றார் ஒட்டகக்காரர்.

ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்னங்காலை முதலில் தூக்கும். நாம் குப்புற விழுந்துவிடுவோம் என்று உயிர் தொண்டைக்கு வரும். முன்னால் புதுப்பெண் வீல் என்று கத்தினாள். மாப்பிள்ளை அவளைவிட அதிகமாகக் கத்தினார். தொப்பிக்காரர் இரண்டையும் படம் பிடித்தார். நான் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். பரிசோதனை அறைக்குள் உட்காருபவர்களையும் நான் என்னைப் பார்க்காதபடி திருப்பித்தான் உட்கார வைப்பேன். கண் பார்த்தால் காதுக்குக் குறிப்புக் கொடுத்துவிடும்.

காற்று முகத்தில் அடித்தது. வலது பக்கம் கடல். பின்னால் மணி, நாலு அடிக்கு ஒன்று என்று விழுந்துகொண்டிருந்தது. மணல் ஈரமாகி, ஒட்டகத்தின் கால்கள் தண்ணீரை மிதிக்கும் சத்தம் வந்தது. இறக்கிவிடச் சொல்லி ஒட்டகக்காரரைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் தண்ணீர் முடிந்து மணல் வந்துவிட்டது.

மணி நின்றது.

ஒட்டகக்காரர் சொன்னபடியே நின்றார். அவரும் திரும்பவில்லை. வலது கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காற்று இரைந்தது. மூன்று ஒட்டகத்துக்கு முன்னால் தொப்பிக்காரர் கைபேசியிடம் பேசுவது சொல் சொல்லாகக் கேட்டது. காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, அதனால் முன்னால் பேசுவது எனக்கு வருகிறது. பின்னாலிருந்து ஒன்றும் இல்லை. மனதுக்குள் எண்ணினேன். நாற்பது, ஐம்பது, அறுபது. ஒன்றுமே இல்லை. கேட்காது. கேட்கவே கேட்காது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

"அக்கா."

இடது காதுக்குப் பின்னால். முதல் எழுத்தைப் பாதி விழுங்கி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே இழுத்து, தப்புச் செய்துவிட்டு வந்து நின்றால் மட்டும் அவள் கூப்பிடும் 'அக்கா'. என் கை தானாக உயர்ந்தது. இடுப்பு திரும்பியது. நான் யோசிக்கவே இல்லை. வாய்விட்டு, ஒட்டகம் மிரளும் அளவுக்குக் கேட்டேன்.

"என்னடி?"

மணல்திட்டில் ஒட்டகம் மண்டியிட்டிருந்தது. அதன் மேல் என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு, கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டிலோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. மெல்லிய அலை ஒன்று மணலில் ஏறி வந்து இறங்கியது. அந்த ஒட்டகம் கழுத்தை வலது பக்கமாக, கடலின் பக்கமாக வளைத்தது. அங்கே இல்லாத யாரையோ ஒரு தடவை மோந்து பார்த்தது. பிறகு எழுந்து, மணியை ஆட்டிக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தது.

கிளம்பிய இடத்துக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்காரர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவர் குரல் கட்டிப்போயிருந்தது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

"பத்துத் தடவையும் கூப்பிட்டேன். ஸ்போர்ட்ஸ் டேக்குக்கூட அப்படிக் கத்தினதில்ல. நீ அசையல. சரி முடிஞ்சுதுன்னு தண்ணி குடிக்கலாம்னு பாட்டில எடுத்தேன். அப்ப கை தூக்கற நீ. திரும்பி என்னவோ கேட்ட. யாரைக் கேட்ட?"

நான் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

"உன் கணக்குப்படி நீ ஜெயிச்சுட்ட. அங்கருந்து மனுஷன் குரல் கேக்காது. மனுஷன் குரல்..." என்று தொடங்கியவர், தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். மீதித் தண்ணீரை என்னிடம் கொடுத்தார்.

பரிசோதனைக் கூடமாக இருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன்: பத்து ஒலி கொடுக்கப்பட்டது, ஒன்றும் கேட்கவில்லை, ஒலி இல்லாதபோது ஒரு முறை கை தூக்கினார். கீழே கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். நான் தேடி வந்த தீர்ப்பு கிடைத்துவிட்டது. அன்று யார் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் எனக்குக் கேட்டது. இன்றைக்குக் கேட்டது போலவே, அதே பக்கம், அதே இழுப்போடு அன்றும் கேட்டது. அவளுக்கு ஏதோ சொல்ல இருந்தது. நான்தான் முகம் கொடுக்கவில்லை.

ஒட்டகக்காரர் மணியைக் கழற்றாமல் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் கடந்தபோது, "கேட்டுச்சாம்மா?" என்றார். "கேட்டுச்சு" என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மணலில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் செய்தேன். இரண்டு காதிலும் நானே மாட்டிவிட்ட மெஷின் இருக்கிறது, கேட்கவில்லை என்று அம்மா தப்பிக்க முடியாது. நானும் தப்பிக்க முடியாது. எங்கே வந்திருக்கிறோம் என்று சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு அவ என்னைக் கூப்பிட்டா."

"தெரியும்" என்றாள் அம்மா. "உன்னைக் கூப்பிடாம அவ என்ன காரியம் செஞ்சிருக்கா?"

"எனக்குக் கேட்டுச்சும்மா."

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அம்மா நாற்காலியில் நகர்ந்து உட்காருவது கேட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். பதினொரு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டட்டும்.

"என்னன்னு கேட்டியா?" என்றாள்.

"இன்னிக்குத்தாம்மா கேட்டேன்."

இன்றைக்கு எப்படிக் கேட்டாய் என்று அம்மா கேட்கவில்லை. வெளியூரில் இருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் விசாரிப்பதுபோல, அவசரமாக, ஆசையாகக் கேட்டாள்.

"என்ன சொன்னா?"

கடலைப் பார்த்தேன். ஒட்டகங்கள் அடுத்த சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. கடைசி ஒட்டகம் காலியாக, மணியை ஆட்டிக்கொண்டு போனது.

"செருப்பு கெடச்சிடுச்சாம், அம்மா" என்றேன்.

அம்மா அழுதாள். நானும் அழுதேன். ரொம்ப நேரம் கழித்து, "சரி" என்றாள்.